தோற்ற பிள்ளைக்கு நாம் பட்ட கடன்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் குழுவில் ஆறு ஆண்டுகள் நான் உறுப்பினனாக இருந்திருக்கின்றேன். அந்த ஆறு ஆண்டுகளில் எத்தனையோ தீர்மானங்களுக்குக் கை தூக்கியிருக்கின்றேன். சுற்றுச்சுவர் எழுப்புவதற்கு, பழைய கிணற்றைத் தூர்ப்பதற்கு, ஆண்டு விழாவிற்கு எவரை அழைப்பது என்று முடிவு செய்வதற்கு. அவற்றுள் பெரும்பாலானவை மறந்து போயின. 2009ஆம் ஆண்டில் கை தூக்கிய ஒரு தீர்மானம் மட்டும் மறக்கவில்லை.

அவ்வாண்டு காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, பத்தாம் வகுப்பு மாணவர் பதினொருவரின் பட்டியல் குழுவின் முன் வைக்கப்பட்டது. பொதுத்தேர்வில் இவர்கள் தேறமாட்டார்கள் என்பது ஆசிரியர்களின் கணிப்பு. முந்திய ஆண்டு எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி பெற்றிருந்தது. அதைத் துணியில் எழுதி வாயிலில் கட்டியிருந்தோம். அந்தத் துணியை இவ்வாண்டும் கட்ட வேண்டுமானால், இந்தப் பதினொருவரும் பள்ளியின் பெயரால் தேர்வு எழுதலாகாது. பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து, தனித்தேர்வர்களாக எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். ஏழு கைகள் உயர்ந்தன. அவற்றுள் ஒன்று என்னுடையது.

பதினொருவருள் ஒருவனுக்கு வயது பதினைந்து. வாப்பா ஜித்தாவில் ஓட்டுநர். சான்றிதழோடு வீட்டிற்குப் போன மூன்றாம் நாள் வைகறையில், பஜ்ருத் தொழுகைக்கு எழுந்த வாப்பும்மா அவனைக் கண்டிராவிட்டால் அவன் இன்று இல்லை. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டான். வயிற்றுவலி என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. ஊரும் அவ்வாறே பேசிற்று. உண்மை தெரிந்தவர்கள்தாம் வயிற்றுவலி என்று அதிகம் சொன்னார்கள்.

அடுத்த கூட்டத்தின் குறிப்பேட்டில் அவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நானும் எழுப்பவில்லை.

அந்நாளில் ஊரில் பேசப்பட்டவற்றை நினைத்துப் பார்க்கின்றேன். பிள்ளைக்கு ஈமான் போதவில்லை என்றார் ஒருவர். தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்றார் மற்றொருவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் இல்லை என்பது பொதுவான தீர்ப்பு. இவை அனைத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. குற்றம் பிள்ளையிடம் இருந்தது. மிஞ்சிப்போனால் அவன் வீட்டில் இருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து கை தூக்கிய எழுவரும் அந்தப் பேச்சில் எங்கும் இடம்பெறவில்லை.

மாணவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் கேட்டைத் தடுக்க நாடு என்ன திட்டம் வகுக்க வேண்டும், பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும் என்னும் விவாதம் இன்று நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றது. அவ்விவாதத்தை நான் படிக்கும்போதெல்லாம் திட்டத்திற்கு முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று என்னை மறிக்கின்றது. இம்மரணங்களுக்குப் பொறுப்பு யாருடையது? பொறுப்பு பிள்ளையினுடையது மட்டுமே என்றால், திட்டம் என்பது வெறும் உபதேசமாக முடியும். நம்முடையதும்தான் என்றால், நாம் எழுதி வைத்திருக்கும் விதிகளைத் திருத்தியாக வேண்டும். உபதேசத்திற்குச் செலவில்லை. விதியைத் திருத்த நூற்றுக்கு நூறு என்னும் துணியை அவிழ்க்க வேண்டியிருக்கும்.

நம்மவர்களிடையே இக்கேள்விக்கு விடை காண்பதில் ஒரு தடை இருக்கின்றது. தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்வது ஹராம் என்பதில் நம் மார்க்கத்தில் இரு கருத்துக்கு இடமில்லை. உயிர் இறைவனின் அமானிதம். ஆனால் அந்தத் தடையுத்தரவை நாம் பயன்படுத்தும் விதம் விசித்திரமானது. எவரும் நெருங்கலாகாது என்று போடப்பட்ட வேலியை, உள்ளே விழுந்து கிடப்பவனைப் பார்க்காமலிருப்பதற்குத் திரையாக ஆக்கிக்கொண்டோம்.

அவ்வாறு இறந்த ஒருவருக்கு நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தாமே முன்னின்று ஜனாஸாத் தொழுகை நடத்தவில்லை என்று ஜாபிர் இப்னு சமுரா (ரலி) அவர்கள் வாயிலாக வரும் அறிவிப்பைச் சிலர் அறிந்திருக்கின்றனர். இமாம் ஷாஃபிஈ, இமாம் அபூஹனீஃபா, இமாம் மாலிக் உள்ளிட்ட பெரும்பாலான அறிஞர்கள் அத்தகையவருக்கும் தொழுகை நடத்தவே வேண்டும் என்று கூறியிருப்பதை அதே சிலர் அறிவதில்லை. இன்னொரு நிகழ்ச்சியோ இன்னும் குறைவாகவே பேசப்படுகின்றது. தவ்ஸ் கோத்திரத்துத் துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களோடு மதீனாவிற்கு ஹிஜ்ரத் வந்த ஒருவர், நோயின் வேதனை பொறுக்கமாட்டாமல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். துஃபைல் (ரலி) அவரைக் கனவில் நல்ல நிலையிலேயே, ஆனால் ஒரு குறையோடு கண்டார்கள். கண்டதைப் பெருமானாரிடம் கூறியபோது, அந்தக் குறையையும் மன்னித்துவிடுமாறு அவர்கள் இறைவனிடம் இறைஞ்சினார்கள். இத்தகையவர் ஈமானை இழந்தவர் ஆகமாட்டார் என்பதற்கு இந்நிகழ்ச்சியைச் சான்றாக எடுத்துக் காட்டுபவர் வேறு யாருமல்லர்; நம் கடற்கரை ஊர்களின் மதரசாக்களில் தலைமுறை தலைமுறையாக எவருடைய நூல்களை ஓதி வருகின்றோமோ அந்த இமாம் நவவீ அவர்கள்தாம்.

இதை நான் எழுதுவது பாவத்தை இலேசாக்குவதற்கு அன்று. பாவம் என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடும் உரிமை நமக்கு இல்லை என்பதற்காகவே. பருவம் எய்தாத பிள்ளையின் செயலுக்குக் குற்றப் பதிவே இல்லை என்று சொல்லும் சட்டம் நம்முடையது. பருவம் எய்தியவனானாலும், அறிவு கலங்கிய நிலையில் செய்தவனை அச்சட்டம் வேறாகவே பார்க்கின்றது. பிள்ளையின் கணக்கு இறைவனிடம் இருக்கின்றது. நம் கணக்கு என்ன?

பர்ளு கிஃபாயா என்பதை அறியாத வீடு நம்மில் இல்லை. ஊரில் ஒருவர் மறைந்தால் அவரைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, அடக்கம் செய்வது கூட்டுக் கடமை. சிலர் செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்கும். எவரும் செய்யாவிடின் ஊரே குற்றவாளி. இறந்தவனைப் பற்றிய இந்தக் கடமையை நாம் செம்மையாக நிறைவேற்றுகின்றோம். நடுநிசியானாலும் ஆள் சேர்ந்துவிடும். ஆனால் அதே ஃபிக்ஹு நூல்களில், நீரில் மூழ்குகின்றவனைக் காப்பாற்றுவதும் கடமை என்று எழுதியிருக்கின்றது. தொழுகையில் நிற்பவன்கூட, கூக்குரல் கேட்டால், தன்னால் இயலுமாயின் தொழுகையை முறித்துக்கொண்டு ஓட வேண்டும். இறந்தவனுக்காகக் கூடுகின்ற ஊர், மூழ்குகின்றவனுக்காகக் கூடுவதில்லை. மூழ்குகின்ற பிள்ளை கூக்குரலிடுவதில்லை என்பது ஒரு காரணம். அவன் பெரும்பாலும் அமைதியாகவே இருப்பான். கேட்டால் "ஒன்றுமில்லை" என்பான். ஆகவே கூக்குரல் கேட்ட பிறகு ஓடுவோம் என்று காத்திருப்பவனுக்கு இங்கே வேலை இல்லை. கரையை முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டும். அரசாங்கத்தார் கொள்கை என்றும் திட்டம் என்றும் பெரிய சொற்களால் குறிப்பது இதைத்தான்.

கரை கட்டினால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கின்றது. முன்பெல்லாம் பிளஸ் டூத் தேர்வில் மே மாதம் தோற்றுப்போன மாணவன், மழைக்காலம் வரும் வரை காத்திருந்து மறுதேர்வு எழுத வேண்டும். அதற்குள் கல்லூரிகள் திறந்து பாதி ஆண்டு ஓடியிருக்கும். ஒரு பாடத்தில் நான்கு மதிப்பெண் குறைந்தவனுக்கும் ஓராண்டு போயிற்று. உடன் படித்தவர்கள் கல்லூரிப் பேருந்தில் ஏறுவதை ஓராண்டு முழுதும் வீட்டு வாசலில் நின்று பார்க்க வேண்டும். இவ்விதியை எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். விடைத்தாள் திருத்துவதற்கும் அச்சடிப்பதற்கும் வசதியான ஒரு காலத்தைக் குறித்தார்கள், அவ்வளவே. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவ்விதி மாறிற்று. முடிவு வெளியான ஓரிரு மாதங்களுக்குள்ளேயே சிறப்புத் துணைத்தேர்வு. தேறினால் அதே ஆண்டில் கல்லூரி. சென்னையில் 1986இல் தொடங்கப்பெற்ற சினேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பும், அதனை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் வலியுறுத்தி வந்த ஏற்பாடு இது. அதன் பின்னர்த் தேர்வுத் தோல்வியால் நேரும் மரணங்கள் தமிழகத்தில் குறைந்தன என்று அத்துறையினர் எழுதியிருக்கின்றனர். 2017இல் மாநில அளவில் முதல் மூன்று இடங்களைப் பெயர் கூறி அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு கைவிட்டது.

இதில் அடங்கியிருக்கும் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிள்ளைகளின் நெஞ்சுரம் ஒரே ஆண்டில் கூடிவிடவில்லை. ஈமான் திடீரென்று பெருகிவிடவில்லை. தாய்மார்கள் செல்லம் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை. மாறியது நாட்காட்டியில் ஒரு தேதி. ஒரு தேதியை மாற்றியதால் சில பிள்ளைகள் உயிரோடு இருக்கின்றார்கள் என்றால், அத்தேதி மாறாதிருந்த ஆண்டுகளில் இறந்த பிள்ளைகளின் மரணத்தில் அத்தேதிக்குப் பங்கு இருந்தது என்றே பொருள். தேதிக்குக் கை இல்லை; அதைக் குறித்தவர்களுக்கும், குறித்ததை ஏனென்று கேளாதவர்களுக்கும் கை இருந்தது. இந்த முடிவு எனக்கு உவப்பானதன்று. ஆனால் இதிலிருந்து தப்புவதற்கு வழி எனக்குத் தென்படவில்லை.

ஓய்வு பெற்ற பேராசிரியரான என் நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. "தோற்றவனுக்கு உடனே இன்னொரு வாசலைத் திறந்தால் தேர்வுக்கு மதிப்பேது? வாழ்க்கையில் ஒவ்வொரு தோல்விக்கும் துணைத்தேர்வு உண்டா?" என்று கேட்டார். தேர்வின் மதிப்பு வினாத்தாளிலும் திருத்துவதிலும் இருக்கின்றதேயன்றி, தோற்றவன் எத்தனை மாதம் வாடினான் என்பதில் இல்லை. துணைத்தேர்வின் வினாத்தாள் எளிதானதன்று. தேர்ச்சி மதிப்பெண்ணும் அதேதான். வாழ்க்கையைப் பற்றி அவர் சொன்னதற்கு, தவ்பாவின் வாசல் சூரியன் மேற்கில் உதிக்கும் வரை திறந்தே இருக்கின்றது என்று நம்புகிறவர்கள் நாம் என்பதை மட்டும் நினைவூட்டினேன். சிரித்தார், ஆனால் விடவில்லை. "ஒருவன் சாகத் துணிந்துவிட்டால் எந்த வாசலை வைத்தும் தடுக்க முடியாது. இங்கு மூடினால் அங்குப் போவான். அது அவனுடைய முடிவு" என்றார்.

இது நெடுங்காலமாக நிலவும் எண்ணம், கற்றவர்களிடமும் நிலவுகின்றது. சாக வேண்டும் என்னும் எண்ணம் ஆற அமர்ந்து எடுத்த முடிவு என்று அது கருதுகின்றது. அனுபவம் அவ்வாறு சொல்லவில்லை. அண்டை நாடான இலங்கையைப் பாருங்கள். அங்கே 1984 முதல், கடும் நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் உலகிலேயே மிக உயர்ந்து நின்ற நாடுகளின் வரிசையில் இருந்த தற்கொலை விகிதம், பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயிற்று, பின்னரும் இறங்கிற்று. அந்தப் பத்தாண்டுகளில் அந்நாட்டு மக்களுக்குத் துன்பம் குறைந்ததா? போர் நடந்துகொண்டிருந்தது, முடிவில் ஆழிப்பேரலையும் வந்தது. துன்பம் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லை. அந்த நேரத்தைக் கடந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த எண்ணம் ஓர் அலை. எழும், உச்சிக்கு வரும், இறங்கும். பிள்ளைகளிடத்தில் அது இன்னும் விரைவாக எழுந்து இன்னும் விரைவாக இறங்கும். அவர்கள் சாவை நாடுவதில்லை; தாங்க முடியாத ஒன்றிலிருந்து விடுதலையை நாடுகின்றார்கள். அந்நேரத்தில் வேறு வாசல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே "அது அவன் முடிவு" என்று பிள்ளையின் சுதந்திரத்தை மதிப்பதுபோல் நாம் பேசுவது, உண்மையில் அவனை அந்த ஒரு மணி நேரத்தோடு தனியே விட்டுவிடுவதேயாகும்.

பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றிப் பேசலாமா என்பது அடுத்த தயக்கம். பேசினால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகின்றார்கள். அஞ்சுவது இயல்பு. எனினும் ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2015இல் வெளியாயிற்று. சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு அறிகுறிகளைக் கண்டறியும் பயிற்சி கொடுத்தார்கள். சிலவற்றில் மாணவர்களைச் சோதித்து, வாடியவர்களைப் பிரித்து மருத்துவரிடம் அனுப்பினார்கள். சிலவற்றில் மாணவர்களையே உட்கார வைத்து, நான்கு வாரங்களில் ஐந்து மணி நேரம், மனத்துயர் பற்றியும் துயருற்ற நண்பனுக்கு என்ன செய்வது என்பது பற்றியும் நடித்துக் காட்டியும் உரையாடியும் கற்கச் செய்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, முதல் இரண்டு முறைகளாலும் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. மாணவர்களோடு வெளிப்படையாகப் பேசிய பள்ளிகளில் மட்டும், உயிர் மாய்க்கும் முயற்சிகள் ஏனைய பள்ளிகளில் இருந்ததைப் போல் ஏறத்தாழப் பாதியாக இருந்தன.

பெரியவர்களாகிய நமக்கு இதில் ஒரு சிறு அவமானம் உண்டு. பிள்ளை தன் துயரத்தை முதலில் சொல்வது ஆசிரியரிடமோ வாப்பாவிடமோ அன்று, பக்கத்துப் பெஞ்சுக்காரனிடம். அந்தப் பெஞ்சுக்காரனுக்கு வயது பதினான்கு. "எவரிடமும் சொல்லாதே" என்று கேட்டுக்கொள்ளப்பட்ட ஓர் இரகசியத்தை உடைப்பது துரோகமா, காப்பாற்றுவதா என்று அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அமானிதத்தைக் காக்க வேண்டும் என்று மட்டும் கற்பித்திருக்கின்றோம். உயிர் போகும் இடத்தில் இரகசியம் அமானிதம் ஆகாது என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

பெரியவர்கள் கேட்கும் இரகசியத்தின் நிலைமை இன்னும் சிக்கலானது. இதனை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. ஏனெனில் திட்டங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் நெறிமுறைகளை வகுத்தது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிலையம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். மதிப்பெண்ணைக் கொண்டு மாணவரைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்தலும் பலர் அறிய இழிவுபடுத்தலும் கூடா என்பவை அவற்றுள் சில. பயிற்சி நிலையங்களும் விடுதிகளும் இதில் அடக்கம். நம் சமுதாயம் நடத்துகின்ற விடுதிகள் எத்தனை, அவற்றுள் எத்தனையில் வார்டனைத் தவிர ஒரு பிள்ளை பேசுவதற்கு ஆள் உண்டு என்பதை அவரவர் ஊரில் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆலோசகரை அமர்த்திவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி வந்து, வீட்டில் தனக்கு நேரும் கொடுமையைச் சொல்கின்றாள். சொல்லிவிட்டு, "வீட்டுக்குத் தெரியக் கூடாது" என்கின்றாள். அது பாலியல் கொடுமையாக இருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அறிந்தவர் அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். சட்டம் நியாயமானது, அது இல்லாத காலத்தில் எத்தனை கொடுமைகள் மண்ணுக்குள் போயின! ஆனால் தான் சொன்னதன் மறுநாள் காவலர் வாசலில் நிற்பார் என்று அறிந்த பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்கமாட்டாள். அவளைப் பார்த்த மற்றவளும் திறக்கமாட்டாள். கொடுமை இல்லாத சாதாரண மனவருத்தத்திலும் இதே சிக்கல் உண்டு. உடனே பெற்றோரிடம் சொல்வதா, பிள்ளையின் நம்பிக்கையைக் காப்பதா? பெற்றோரிடம் மறைப்பது முறையன்று என்பது நம் வீடுகளின் எண்ணம். நானும் ஒரு தகப்பன். ஆயினும் வீட்டிற்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணத்தை முடித்துவிடுவார்கள் என்று அஞ்சி வாய் மூடியிருக்கும் பெண்பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களுடைய அச்சம் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்குத் தோன்றும் விடை இது. எதை வெளியே சொல்வேன், எதைச் சொல்லமாட்டேன் என்பதைப் பிள்ளை பேசத் தொடங்குவதற்கு முன்பே ஆலோசகர் அவளுக்குச் சொல்லிவிட வேண்டும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மறைக்கமாட்டேன். ஏனையவை என்னோடு இருக்கும். வெளியே சொல்ல நேர்ந்தால் எவரிடம், எப்படி, எந்தச் சொற்களில் என்பதை அவளோடு கலந்தே முடிவு செய்ய வேண்டும். முழுமையான விடையன்று இது. ஏமாற்றப்பட்டோம் என்னும் எண்ணத்தைப் பிள்ளைக்குத் தராத விடை, அவ்வளவே.

"மாணவர் மனசு" என்று பெயரிட்ட பெட்டிகளைத் தமிழக அரசு சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிகளில் வைக்கச் சொன்னது. நல்ல எண்ணம். நான் பார்த்த ஒரு பள்ளியில் அப்பெட்டி தலைமையாசிரியர் அறையின் வாசலில், அலுவலக உதவியாளரின் நாற்காலிக்கு நேர் எதிரே தொங்கிற்று. துண்டுச் சீட்டோடு அங்கே போகும் பிள்ளையின் துணிவை என்னென்பது! பெட்டியை எங்கே மாட்டுவது, சாவி எவரிடம், எந்நாளில் திறப்பது, திறந்த பின் சீட்டு எழுதியவனுக்கு எவ்வாறு பதில் போவது என்பவற்றை எழுதாத ஆணை, ஆணியில் தொங்கும் பெட்டியோடு முடிந்துவிடுகின்றது.

தேர்வோடு இக்கேடு நின்றுவிடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தம்முயிரை மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர். அதே ஆண்டில் தேர்வுத் தோல்வி காரணம் என்று எழுதப்பட்டவை 2,248. பதினெட்டு வயதிற்குட்பட்டோரிடத்தில் மிகுதியாகக் குறிக்கப்பட்ட காரணம் குடும்பச் சிக்கல்தான். இந்தக் காரணங்களை அப்படியே நம்பிவிடவும் முடியாது; துயரத்தில் இருக்கும் வீட்டில் ஒரு காவலர் கேட்டு, ஒரு கட்டத்தில் ஒரே சொல்லாக எழுதியவை அவை. துணைத்தேர்வு ஒரு கரையைக் கட்டிற்று. நீட் போன்ற, ஆண்டிற்கு ஒரே முறை வரும் தேர்வுகள் மறுகரையை இடித்துக்கொண்டிருக்கின்றன. அடித்தல், சாதி, காதல், கைப்பேசியில் பரவிய ஒரு படம் என்று நீர் புகும் வழிகள் பல. அவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரியவை.

சட்டத்தின் நிலைமையிலும் ஒரு மாறுதல் வந்திருப்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும். முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக்கிய பழைய 309ஆம் பிரிவு இப்போது இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவனைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவனாகக் கருதிச் சிகிச்சைக்கு உரியவனாக்கிற்று. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. ஆகவே மருத்துவமனையில் வயிற்றுவலி என்று சொல்ல வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால்தான் உடலுக்குப் பிறகு மனத்திற்கும் மருத்துவம் கிடைக்கும். ஒரு முறை முயன்றவனுக்கு அடுத்து வரும் மாதங்களில்தான் ஆபத்து அதிகம். வயிற்றுவலி என்ற சொல் அந்த மாதங்களில் அவனைக் காவலின்றி விட்டுவிடுகின்றது. 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல உதவி இரவும் பகலும் தமிழிலேயே கிடைக்கின்றது. கட்டணம் இல்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். இன்று அவருக்கு முப்பது வயதிற்கு மேலாகின்றது. வேறோர் ஊரில் கடை வைத்திருக்கின்றார், பிள்ளைகள் உண்டு. பல ஆண்டுகள் நான் அவரைக் கண்டால் ஸலாம் சொல்லிவிட்டு விரைந்து நடப்பவனாக இருந்தேன். இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று கேட்பதற்காகச் சென்ற மாதம் அவர் கடைக்குப் போனேன். அன்று கை தூக்கியவர்களுள் நானும் ஒருவன் என்பதையும் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்:

"தனித்தேர்வர் என்று தாளில் எழுதியிருந்தது மாமா. அப்படியென்றால் அதே மார்ச் மாதம், அதே பரீட்சையை இன்னொரு மண்டபத்தில் உட்கார்ந்து எழுதலாம் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கிவிட்டார்கள், படிப்பு முடிந்துவிட்டது என்றுதான் விளங்கிக்கொண்டேன். வாப்பாவிற்கு என்ன பதில் சொல்வது என்பதைத் தவிர மூன்று நாளும் வேறு நினைப்பே இல்லை. யாராவது ஒருவர் விளக்கிச் சொல்லியிருந்தால் போதும்."

எழுதுங்கள், ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

திரும்பி வந்ததும், இப்போதைய நிர்வாகக் குழுவிற்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வேண்டுகோள்கள். முடிவு வெளியாகும் நாளன்று, தேறாத ஒவ்வொரு மாணவனின் வீட்டிற்கும் மாலைக்குள் ஓர் ஆசிரியர் நேரில் சென்று, துணைத்தேர்வின் தேதியையும் விண்ணப்பத்தையும் கையில் கொடுத்து, வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். பக்கத்துப் பள்ளிகள் இரண்டோடு சேர்ந்தேனும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரை அமர்த்த வேண்டும். தேறமாட்டான் என்று எவனையும் வெளியே அனுப்புவதில்லை என்று எழுத்தில் தீர்மானம் இயற்றி, நூற்றுக்கு நூறு என்று வாயிலில் துணி கட்டுவதை நிறுத்த வேண்டும்.

பதில் வந்திருக்கின்றது. முதலாவது ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரண்டாவதற்குச் செலவுக் கணக்குக் கேட்டிருக்கின்றார்கள், அனுப்பியிருக்கின்றேன். மூன்றாவது அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது.